குண்டின் ஆழத்தை அளக்கும் கேஜ்: வாங்கலாம், ஆனால் வேகத்துக்காக வேண்டாம்

டெக்சாஸில் வீட்டு கராஜில் 6.5 கிரீட்மோர் என்ற ரைஃபிள் தோட்டாவை ரீலோட் செய்ய (அதாவது தோட்டாவின் உலோகக் கூடான கேஸில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைக்க) ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. இத்தனை நாளும் தோட்டாவின் மொத்த நீளத்தை காலிப்பர் என்ற அளவுகருவியில் அளந்து, கையேட்டில் போட்டிருக்கும் எண்ணுக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது என்று இருந்தேன். ஆறு மாதம் முன்புதான், குண்டை எவ்வளவு வெளியே நீட்டி வைத்தால் அது குழலின் உள்பக்கத்தைத் தொடும் என்று காட்டும் இந்த கேஜும், காலிப்பரில் மாட்டும் கம்பரேட்டர் என்ற துணைக்கருவியும் வாங்கினேன். குண்டை வெளியே நீட்டி வைத்தால் கேஸில் இடம் கூடி வேகமும் கூடுமா என்பதையும் கீழே சொல்கிறேன்.

வேலை செய்யும் விதம் எளிது. மரை போட்ட காலி கேஸ் ஒன்றை கேஜின் கம்பி நுனியில் திருகி, அதில் குண்டைத் தளர்வாக வைத்து, ரைஃபிளின் சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் அறை) விட்டு, ரைஃப்ளிங்கில் (குழலின் உள்ளே இருக்கும் சுருள் வரிகள்) தொடும் வரை மெதுவாகத் தள்ளி, திருகைப் பூட்டி வெளியே எடுத்து அளக்க வேண்டியதுதான். அழுத்தித் தள்ளினால் குண்டு ரைஃப்ளிங்கில் கவ்விக்கொண்டு அளவு நீளமாகக் காட்டும், எனக்கு முதல் நாள் முழுக்க அதுதான் நடந்தது. இப்போது ஐந்து தடவை அளந்து, ஒத்துவருகிற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கம்பரேட்டர்தான் இதில் உண்மையான லாபம். நுனியில் துளையுள்ள ஹாலோ பாயின்ட் குண்டுகளின் நுனி ஒரே டப்பாவுக்குள்ளேயே ஏறி இறங்கி இருக்கும், அதனால் நுனியிலிருந்து அளப்பதை நம்ப முடியாது. ரைஃப்ளிங்கில் முதலில் தொடுவது வளைவு முடிந்து முழு விட்டத்துக்கு வரும் இடம். கம்பரேட்டர் அதற்குப் பக்கத்திலிருந்து அளக்கிறது.

சரி, வேகம். 0.264 அங்குலக் குண்டை 0.100 அங்குலம் வெளியே தள்ளினால் கேஸுக்குள் ஏறக்குறைய 1.4 கிரெயின் (ரீலோடிங்கில் பயன்படும் சிறிய எடை அலகு) தண்ணீர் அளவு இடம் கிடைக்கும். கேஸின் கொள்ளளவு ஐம்பது கிரெயினுக்குச் சற்று மேல், ஆக இரண்டரை சதவீதம் போல. அழுத்தம் மாறாமல் அந்த இடத்துக்கு ஏற்ப மருந்தைக் கூட்டினாலும், கொள்ளளவு கூடும் சதவீதத்தில் கால்வாசிதான் வேகத்தில் கூடும் என்பது பழைய கணக்கு. வினாடிக்கு 2,700 அடியில் அது 20 அடிகூட வராது. மருந்தைக் கூட்டாமல் குண்டை மட்டும் வெளியே எடுத்தால் பெரும்பாலும் அழுத்தமும் வேகமும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், ஆனால் குண்டு ரைஃப்ளிங்கைத் தொட்டுவிட்டால் அழுத்தம் மறுபடி ஏறிவிடும். அப்படித் தொடும்படி வைத்த ஒரு தோட்டாவை நான் சுடாமலே வெளியே இழுத்தேன், குண்டு குழலிலேயே மாட்டிக்கொண்டு மருந்து முழுவதும் ஆக்‌ஷனுக்குள் (தோட்டாவை ஏற்றி இறக்கும் பகுதி) கொட்டியது. அன்றிலிருந்து 0.020 அங்குலம் இடைவெளி விடாமல் நான் எதையும் லோட் செய்வதில்லை.

அப்புறம், தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினின் நீளம், தோட்டா எவ்வளவு நீளமாக இருக்கலாம் என்பதற்கு ஒரு எல்லை வைக்கும். 2007-ல் ஹார்னடி நிறுவனம் 6.5 கிரீட்மோரைக் கொண்டுவந்தபோது கேஸை 1.920 அங்குலத்தில் நிறுத்தியது இதனால்தான். அதே விட்டமுள்ள குண்டைப் பயன்படுத்தும் .260 ரெமிங்டன் தோட்டாவில் கேஸ் 2.035 அங்குலம், அதில் மேகசினுக்குள் அடங்க வேண்டுமென்றால் நீளமான குண்டை மருந்து இருக்க வேண்டிய இடத்துக்குள் இறக்க வேண்டியிருக்கும்.

குறை என்றால், ஒவ்வொரு தோட்டா வகைக்கும் மரை போட்ட தனி கேஸ் வாங்க வேண்டும், அந்தக் கேஸ் உங்கள் சேம்பரில் சுட்டு விரிந்த கேஸ் அல்ல என்பதால் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு வித்தியாசமும் வரலாம். குண்டை மாற்றினால் மறுபடி அளங்கள். மாற்றாவிட்டாலும் சில நூறு ரவுண்டுக்கு ஒருமுறை அளங்கள், தேய்மானத்தில் ரைஃப்ளிங் தொடங்கும் இடம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும்.