ஏறாத அரை விழுக்காடு: அமைவுக் கோப்பில் நிபந்தனையா, அட்டவணையா?

டர்பனில் சில மளிகைக் கடைகளின் பில் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 2025 மார்ச் 12 அன்று தென்னாப்பிரிக்க நிதிநிலை அறிக்கை, மதிப்புக்கூட்டு வரி மே 1 முதல் 15 விழுக்காட்டிலிருந்து 15.5 ஆகும் என்றது. ஏப்ரல் 24 அன்று அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குள் எல்லாக் கடைகளிலும் வரி விகிதங்கள் எழுதியிருக்கும் அமைவுக் கோப்புகளைத் திருத்தி முடித்திருந்தேன்.

ஒரு கடையின் கோப்பு முழுக்க நிபந்தனைகள்: '2018 ஏப்ரல் 1-க்கு முன் என்றால் 14, இல்லையென்றால் 15, பழுப்பு ரொட்டி என்றால் 0.' இன்னொரு 'என்றால்' சேர்க்க இரண்டு நிமிடம் போதும். அதுதான் இதன் கவர்ச்சி. ஆனால் அதே நிபந்தனை விற்பனை, திருப்புதல், மாதக் கணக்கு என்று மூன்று இடங்களில் நகலாகிக் கிடந்தது. வரி உயர்வு ரத்தானதும் இரண்டில் நீக்கிவிட்டு மூன்றாவதை மறந்துவிட்டேன். மே 2 அன்று ஒரு பாட்டி 115 ராண்டுக்கு வாங்கிய மசாலாவைத் திருப்பிக் கொடுத்தபோது, கணினி 115 ராண்ட் 50 சென்ட் கொடுக்கச் சொன்னது. பாட்டி ஐம்பது சென்ட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மற்றொரு கடையில் இருப்பது அட்டவணை: பொருள்வகை, தொடக்க நாள், விகிதம். ரசீதில் உள்ள தேதிக்குப் பொருந்தும் கடைசி வரிசையை நிரல் எடுத்துக்கொள்ளும். அங்கே ஒரு வரிசையை அழித்தேன், வேலை முடிந்தது. வெள்ளை ரொட்டிக்கு வரி உண்டு, பழுப்புக்கு இல்லை என்பதைக் கடைக்காரரே படித்துச் சரிபார்க்கவும் முடிகிறது.

அதற்காக அட்டவணைக்குக் கோயில் கட்ட வேண்டாம். மின்வெட்டின்போது ரசீதை அச்சிடாமல் சேமித்துவை என்பதையும் அதில் அடக்கப் பார்த்து, 'நிபந்தனை' என்றே ஒரு நெடுவரிசையைச் சேர்த்தேன். நான்கே நாளில் அந்த நெடுவரிசைக்குள் 'மற்றும்', 'அல்லது', அடைப்புக்குறி எல்லாம் வந்துவிட்டன. பிழைகாட்டியே இல்லாத ஒரு மொழியை நானே கண்டுபிடித்திருந்தேன்! மென்பொருள் ஓடும்போது மட்டுமே தெரியவரும் விஷயம் நிரலில்தான் இருக்க வேண்டும். பல கணினிகளில் மென்பொருளை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ்காரர்களிடையே, அமைவுக் கோப்புக்கு நிபந்தனைகளோடு வார்ப்புரு எழுதும் ஹெல்மா, வார்ப்புரு இல்லாமல் மூலக் கோப்பின் மேல் திருத்தங்களை அடுக்கும் கஸ்டமைஸா என்று நடக்கும் வாதமும் ஏறக்குறைய இதேதான். ஹெல்ம் வார்ப்புருவில் 'என்றால்' ஒன்றுக்குள் ஒன்றாக மூன்றடுக்கு போனபின் வரித் தொடக்க இடைவெளிகளை எண்ணியே கண் வலித்துவிடும்.

முதல் கடையின் கோப்பை இன்னும் மாற்றவில்லை. தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்கிறார் கடைக்காரர்.