பான்ஷீ சிலிண்டர்: இரண்டு ரீபோர், மூன்று சீசன்

என்னுடையது 2004 மாடல் யமஹா பான்ஷீ, மணலில் ஓட்டுகிற நாலு சக்கர வண்டி. 347 சிசி, பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக், ரெட்டை சிலிண்டர், தண்ணீர் கூலிங். பழைய ஆர்டி 350 எல்சி பைக்கின் இன்ஜின் வழி வந்தது. ஊரில் ஆர்எக்ஸ் 100 ஓட்டிப் பழகியவனுக்கு இந்தச் சத்தம் கேட்டால் சும்மா இருக்க முடியாது. ஷார்ஜாவில் வேலை என்பதால், நவம்பரிலிருந்து மார்ச் வரை லீவு நாளில் அல் பதாயர் மணல்மேடுதான்.

முதல் தடவை பிஸ்டன் பிடித்தது, அதாவது சிலிண்டருக்குள் இறுகி நின்றது, ஒரு மேட்டில் முழு த்ராட்டிலில் ஏறும்போது. சத்தம் கொஞ்சம் மெலிந்த மாதிரி இருந்தது, அடுத்த நொடி பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டன. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் இடது சிலிண்டரில் சைலன்சர் பக்கம் நெடுக்காகக் கீறல். நகத்தை ஓட்டினால் மாட்டியது. பிஸ்டனின் அலுமினியம் உருகி சுவரில் அப்பியிருந்தது. வலது சிலிண்டரோ புதுசு மாதிரி பளபளப்பு.

இன்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். பான்ஷீயில் சிலிண்டருக்குள் இரும்பு ஸ்லீவ் (உள்குழாய்) என்பதால் போர் அடித்து, அதாவது உள்ளே குடைந்து அகலமாக்கி, அடுத்த சைஸ் பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம்; இதுதான் ரீபோர். 64 மில்லிமீட்டரை 64.50 ஆக்கித் தந்தார்கள். "ஆயில் பத்தலை, கூட்டிப் போடுங்க" என்று ஒரு அறிவுரையும் கொடுத்தார்கள். நானும் 32 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் கலந்துகொண்டிருந்ததை 24-க்கு 1 ஆக்கினேன். கார்புரேட்டரில் பெட்ரோல் போகிற துளையான ஜெட் மாறாமல் ஆயிலை மட்டும் கூட்டினால் அதே துளை வழியாகப் போகிற பெட்ரோல் குறையும், இன்ஜின் இன்னும் லீன் ஆகும் (காற்றுக்குப் போதிய பெட்ரோல் இருக்காது) என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மூன்றாவது ட்ரிப்பில் மறுபடி பிடித்தது. அதே இடது பக்கம்.

அப்போதுதான் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் போனேன். அவர் சிலிண்டரைப் பார்க்கவே இல்லை. "தம்பி, ரெண்டு பக்கமும் ஒரே பெட்ரோல், ஒரே ஆயில், ஒரே ஆள் ஓட்டுறது. இடது மட்டும் ஏன் பிடிக்குது? விரலை எடுத்தா ஆர்பிஎம் உடனே இறங்குதா?" என்றார். இறங்காது, கொஞ்ச நேரம் தொங்கிவிட்டுத்தான் இறங்கும். கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து நான் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தேன்.

இன்ஜினை வைத்து, சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்து, சைக்கிள் பம்பால் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றினார். 6 நிமிஷம் நிற்க வேண்டுமாம். ஒரு நிமிஷத்தில் கேஜ் முள் படுத்துவிட்டது. ஃப்ளைவீலைக் கழற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் இடது கிராங்க் ஆயில் சீலை (கிராங்க் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையம்) சுற்றி நுரை பொங்கியது. பிஸ்டன் மேலே போகிறபோதெல்லாம் அந்த வழியாக வெளிக்காற்றை உறிஞ்சியிருக்கிறது, அதனால்தான் இடது பக்கம் மட்டும் லீன். சீலின் விலை ஒரு பிரியாணிக்குக் கூட வராது. அதற்காக நான் இரண்டு செட் பிஸ்டனைப் பலிகொடுத்திருக்கிறேன்.

சீல் மாற்றி, முள் அசையாமல் நின்ற பிறகுதான் சிலிண்டருக்கு வந்தோம். இந்தத் தடவை 65.00, இரண்டு பக்கமும். புது பிஸ்டன்களை லேத்காரர் கையில் கொடுத்து, அவற்றை அளந்து 0.07 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து போர் அடிக்கச் சொன்னோம். பெட்டியில் 65 என்று போட்டிருப்பதை நம்பி அடிக்கக் கூடாது. சிலிண்டர் சுவரில் இருக்கிற துளைகளான போர்ட்களின் விளிம்புகளில் கூர் இருந்தது, விரலை வைத்தால் அறுக்கும். ரிங் அதில் மாட்டினால் கதை முடிந்தது; அண்ணன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மழுக்கினார். ஹோனிங் (கல்லால் சிலிண்டர் சுவரைத் தேய்ப்பது) முடிந்ததும் பெட்ரோலில் அலசலாம் என்றேன், திட்டினார். கல் தூள் பெட்ரோலுக்கு அசையாது. வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தோம். முதல் துணி சாம்பல் நிறம். நாலாவது துணி வெள்ளையாகவே வந்தபோதுதான் விட்டார். உடனே ஆயில் பூசவில்லையென்றால் கண் முன்னாலேயே துரு ஏறும்.

மூன்று தடவை சூடாக்கி முழுக்க ஆறவிட்டோம். முதல் இரண்டு டேங்குக்கு முழு த்ராட்டில் கிடையாது. அந்த இரண்டு டேங்க் ஓட்டியதுதான் எனக்கு இதில் பெரிய கஷ்டம்.

இப்போது மூன்று சீசன் முடிந்துவிட்டது. கம்ப்ரஷன் ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் 125 பிஎஸ்ஐ, போன வாரம் பார்த்தபோது 118, 117. ஆயில் மறுபடி 32-க்கு 1. விரலை எடுத்ததும் ஆர்பிஎம் இறங்குகிறது. குறை இல்லாமல் இல்லை: ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ஃபில்டரைக் கழுவி ஆயில் போட்டு, விளிம்பில் கிரீஸ் தடவ வேண்டும். ஒரு நாள் சோம்பல்பட்டதற்கு இன்டேக்கில் மாவு மாதிரி மணல். பிஸ்டன் தேவைப்பட்டால் அமெரிக்காவிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகிறது. பெட்ரோல் குடிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இந்த ஸ்லீவில் 66 மில்லிமீட்டர் வரை போகலாம், அதற்கு மேல் புது ஸ்லீவ்தான். அதனால் வரும் நவம்பருக்கு முன்னால் ரிங் மட்டும் மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். 65.00 செட் வந்து அலமாரியில் கிடக்கிறது. அண்ணன் ஊருக்குப் போயிருக்கிறார். அவர் வந்ததும் முதலில் சைக்கிள் பம்ப், அப்புறம்தான் ஸ்பானர்.