ஓப்பன்எல்டாப் வழி மையப் பயனர் அங்கீகாரம்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

ஒவ்வொரு லினக்ஸ் கணினியிலும் தனித்தனியே கணக்கு உருவாக்கிப் பராமரிக்கும் முறையைக் கைவிட்டு, கணக்குகள் அனைத்தையும் ஒரே அடைவில் (பயனர் விவரங்களைச் சேமிக்கும் மையத் தரவுத்தளத்தில்) வைத்து அங்கிருந்தே எல்லாக் கணினிகளுக்கும் உள்நுழைவு வழங்கும் முறைக்கு மாறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. சேவையகத்தில் அந்த அடைவை நடத்தும் ஓப்பன்எல்டாப், பயனர் கணினிகளில் அதோடு பேசும் எஸ்எஸ்எஸ்டி என்பதே நான் பயன்படுத்திவரும் அமைப்பு. நிறுவும் படிகளை விளக்கும் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. ஆட்கள் சேர்ந்து, குழு மாறி, விலகிச் செல்லும்போது இந்த அமைப்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதை எழுதுவோர்தான் குறைவு.

1990களின் தொடக்கத்தில், எக்ஸ்.500 என்ற கனமான தரநிலைக்கு எளிய மாற்றாக மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான நெறிமுறை எல்டாப். அதன் கலைச்சொற்கள் முதலில் மிரட்டினாலும் சில நாள்களில் பழகிவிடும். உண்மையில் தடுமாற வைப்பது வேறொன்று: ‘இந்தப் பெயரில் பயனர் இருக்கிறாரா, அவருடைய எண் என்ன, எந்தக் குழுக்களில் இருக்கிறார்’ என்ற கேள்வியை லினக்ஸில் பெயர்களைத் தேடும் பகுதியான என்எஸ்எஸ் கேட்கிறது, ‘அவர் தந்த கடவுச்சொல் சரியா, அவரை உள்ளே விடலாமா’ என்ற கேள்வியை நுழைவைச் சரிபார்க்கும் பகுதியான பாம் கேட்கிறது. இரண்டும் ஒரே அடைவிடம் போவதால் ஒரே வேலை போலத் தோன்றுகின்றன. பயனர் விவரத்தைக் காட்டும் கெட்என்ட் கட்டளையில் பயனர் பெயரைக் கொடுத்துப் பார்த்து, விவரம் வந்தால் பாம் பக்கமும், வராவிட்டால் என்எஸ்எஸ் பக்கமும் தேடுவது என்ற ஒரே பழக்கம் பாதித் தலைவலியைக் குறைத்துவிடும். பெயர் கொடுக்காமல் அந்தக் கட்டளையை இயக்கினால் அடைவிலுள்ள பயனர்கள் பட்டியலில் வருவதில்லை. முழுப் பட்டியல் எடுப்பதை எஸ்எஸ்எஸ்டி இயல்பாகவே முடக்கி வைத்திருக்கிறது என்பது தெரியாதவர்கள், நன்றாக இயங்கும் அமைப்பைப் பிரித்துப்போட நேரிடும்.

சேவையகத்தின் பதிவுக் கோப்பைப் படிக்கத் தெரிவது இதற்கு அடுத்த படி. ஒருவர் உள்நுழைய முயலும்போது முதலில் தேடல் வரி ஒன்றும், பிறகு பிணைப்பு (கடவுச்சொல்லைத் தந்து அடைவில் நுழைதல்) வரி ஒன்றும் பதிவாகின்றன. தேடல் பிழை எண் 0 (பிழை இல்லை) என்று முடிந்திருந்தாலும் கிடைத்த பதிவுகளின் எண்ணிக்கையும் 0 என்றிருந்தால், தேடும் கிளையோ வடிகட்டியோ படிப்புரிமையோ தவறு என்று பொருள். தேடலில் ஒரு பதிவு கிடைத்து, பிணைப்பு பிழை எண் 49 என்று முடிந்தால் சிக்கல் கடவுச்சொல்லில். தேடல் வரியே இல்லையெனில் கோரிக்கை சேவையகத்தை எட்டவில்லை. பெரும்பாலும் சான்றிதழில் உள்ள பெயர் சேவையகத்தின் பெயரோடு பொருந்தாததே காரணமாக இருக்கும். குறியாக்கம் இல்லாத இணைப்பில் எஸ்எஸ்எஸ்டி கடவுச்சொல்லைச் சரிபார்க்காது என்பதால், அந்தக் குறியாக்கத்தைத் தரும் டிஎல்எஸ் அமைப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்க இடமில்லை. இந்தக் கண்டிப்பை நான் வரவேற்கிறேன்.

அடைவில் யார் எதைப் படிக்கலாம் என்று சொல்லும் அணுகல் விதிகளில் வரிசையே எல்லாம். முதலில் பொருந்தும் விதியோடு ஓப்பன்எல்டாப்பின் சேவையக நிரலான எஸ்லாப்டி நின்றுவிடுவதால், எல்லோரும் எல்லாவற்றையும் படிக்கலாம் என்ற பொது விதி கடவுச்சொல் விதிக்கு மேலே அமர்ந்துவிட்டால், அனைவரின் கடவுச்சொல் சுருக்கங்களும் (ஹாஷ்) திறந்து கிடக்கும். அமைப்பு வேலை செய்துகொண்டே இருக்கும். எந்தப் பிழைச்செய்தியும் வராது.

பயனர் எண்களை எங்கிருந்து தொடங்குவது என்பதை முதலிலேயே முடிவு செய்வது நல்லது. பல லினக்ஸ் வழங்கல்களில் உள்ளூர்க் கணக்குகள் 1000இலிருந்து தொடங்குகின்றன. அடைவின் கணக்குகளை 10000க்கு மேல் வைத்தால் மோதல் வராது. பின்னாளில் எண்ணை மாற்றினால், வட்டிலுள்ள கோப்புகளின் உரிமை பழைய எண்ணிலேயே தங்கிவிடும்.

இந்த அமைப்பின் பயனை முழுமையாகச் சோதிப்பது, ஒருவர் பணியிலிருந்து விலகும் நாள். அடைவில் கணக்கைப் பூட்டியவுடன் எல்லாக் கதவுகளும் அடைபடும் என்பதே மைய அங்கீகாரத்தை நாடுவோரின் எதிர்பார்ப்பு. ஆனால் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் திறவுகோல் வழியாக வருபவரிடம் கடவுச்சொல்லே கேட்கப்படுவதில்லை. எஸ்எஸ்எஸ்டியின் அணுகல் கட்டுப்பாடு இயல்பாக எல்லோரையும் அனுமதிக்கும் நிலையில் இருப்பதால், பூட்டிய கணக்கும் தடையின்றி உள்ளே வரும். அணுகல் கட்டுப்பாட்டை எல்டாப்பிடம் ஒப்படைத்து, குறிப்பிட்ட குழுவில் இருப்பவர் மட்டும் நுழையலாம் என்ற வடிகட்டியை எழுத வேண்டும். வடிகட்டியை எழுதாமல் ஒப்படைத்தால் ஒருவரும் நுழைய முடியாது. மடிக்கணினிகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு: வலையமைப்பு இல்லாதபோதும் நுழைவதற்காகக் கடவுச்சொல்லைத் தேக்கி வைக்கும் வசதியை இயக்கினால், அந்தத் தேக்கத்துக்கு இயல்பாகக் காலவரம்பு கிடையாது. அதற்கு நாள் கணக்கில் வரம்பு வைக்கும் அமைப்பு உண்டு, பயன்படுத்துவது அவசியம்.

அன்றாடப் பராமரிப்பு பெரிதாக இல்லை. ஓப்பன்எல்டாப் தரவைச் சேமிக்கும் எல்எம்டிபி தரவுத்தளத்தின் உச்ச அளவு, நாம் குறிப்பிடாவிட்டால் 10 எம்பி மட்டுமே. அது நிரம்பினால் புதிய பதிவுகள் ஏறாது என்பதால் தொடக்கத்திலேயே தாராளமாக வைத்துவிடலாம். பயனர் பெயர், பயனர் எண், குழு உறுப்பினர் ஆகியவற்றுக்குத் தேடலை விரைவாக்கும் அட்டவணை இல்லையெனில் பதிவுக் கோப்பே அதைச் சொல்லும். சேவையகம் இயங்கும்போதே எஸ்லாப்கேட் கட்டளை கொண்டு காப்பு எடுக்கலாம்; பயனர் தரவை மட்டுமின்றி அமைவுத் தரவையும் எடுக்காவிட்டால், அணுகல் விதிகளை நினைவிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.

ரெட்ஹாட் நிறுவனம் தன் லினக்ஸின் 8ஆம் பதிப்பில் ஓப்பன்எல்டாப் சேவையகத்தை நீக்கிவிட்டதால் அந்தச் சூழலில் இருப்போர் இயல்பாகவே ஃப்ரீஐபிஏ என்ற தொகுப்பின் பக்கம் போகின்றனர். அடைவு, கெர்பரோஸ் அங்கீகாரம், சான்றிதழ் நிர்வாகம், வலைவழி மேலாண்மை எல்லாம் சேர்ந்தே வருவதாலும், எந்தக் கணினியில் யார் நுழையலாம் என்பதை ஒரே இடத்தில் எழுதலாம் என்பதாலும், புதிதாகத் தொடங்கும் லினக்ஸ் குழுவுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். ஆயினும் கற்பவர் மெய்நிகர் கணினிகள் இரண்டில் ஓப்பன்எல்டாப்பையும் எஸ்எஸ்எஸ்டியையும் கையால் ஒருமுறை இணைத்துப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. ஃப்ரீஐபிஏவில் உள்நுழைவு தவறும்போதும் பார்க்க வேண்டியவை இதே எஸ்எஸ்எஸ்டி பதிவுகளும், இதே போன்ற தேடல் வரிகளும்தான்.