காடு மலை சுற்றியவரின் நெகட்டிவ்களுக்கு எப்சன் வி600 போதுமா?

மலையேற்றம், மீன்பிடி, படகு என்று வெளியிலேயே திரிந்த ஒரு தாத்தாவைப் பற்றி அரசுப் பதிவேடுகளில் பிறப்பும் திருமணமும் இறப்பும்தான் கிடைக்கும். எந்தச் சிகரத்துக்கு எந்தப் பக்கமாக ஏறினார் என்பது அவர் எடுத்த ஃபிலிமில்தான் இருக்கிறது. அதைப் படிக்க எப்சன் பெர்ஃபெக்ஷன் வி600 நல்ல ஸ்கேனர்.

35 மி.மீ. ஃபிலிமில் ஒரே தடவையில் 12 பிரேம் (படம்) போடலாம்; மவுண்ட் (சட்டம்) போட்ட ஸ்லைடு என்றால் 4. அதைவிட அகலமான 120 சுருள் ஃபிலிமும் போகும். அதற்கு மேல் பெரிய ஷீட் நெகட்டிவ் இருந்தால் இதை வாங்காதீர்கள், மூடியிலுள்ள விளக்கின் அகலம் பத்தாது, எப்சனின் வி850 வேண்டும்.

6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்று போட்டிருந்தாலும் அவ்வளவு நுணுக்கம் வராது. 3200 வைத்தால் போதும். 16 பிட் கலர் டிஃப் (TIFF) கோப்பு ஒரு பிரேமுக்குச் சுமார் 80 எம்பி ஆகும். அச்சுப் படங்களுக்கு 600 டிபிஐ போதும். பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள், பென்சில் குறிப்பும் ஸ்டூடியோ முத்திரையும் அங்கேதான் இருக்கும்.

தூசி நீக்கும் டிஜிட்டல் ஐஸ் வசதி கலர் நெகட்டிவில் அருமை. பழைய கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அதை அணைத்தே ஆக வேண்டும். அது அகச்சிவப்பு ஒளியால் தூசியைத் தேடுகிறது. படத்திலுள்ள வெள்ளித் துகள்களும் அந்த ஒளியைத் தடுப்பதால் அவற்றையும் தூசி என்று எண்ணி அழித்துவிடும். பாறை விளிம்பும் கயிறும் குழைந்து போகும். கோடாக்கின் பழைய கலர் ஃபிலிமான கோடாக்ரோம் ஸ்லைடிலும் இதே வம்பு வரலாம்.

ஃபோகஸ் மாற்ற முடியாது என்பதே இதன் பெரிய குறை. சுருண்ட ஃபிலிம் மங்கலாகவே வரும். கனமான புத்தகத்தின் அடியில் சில நாள் வைத்துத் தட்டையாக்கிவிட்டுப் போடுங்கள். புளித்த காடி வாடை அடித்தால் ஃபிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது, அதை முதலில் ஸ்கேன் செய்து முடியுங்கள்.

ஃபிலிமின் பளபளப்பான பக்கம் கீழே இருக்கட்டும். திருப்பிப் போட்டால் இடம் வலம் மாறும்: மலைமுகடு வரைபடத்தோடு ஒத்துவராது, வலக்கையில் தூண்டில் பிடித்தவர் இடக்கைக்காரர் ஆகிவிடுவார். படகின் பதிவு எண், வழிகாட்டிப் பலகை என எழுத்து தெரியும் ஒரு பிரேமை வைத்து முதலில் சரிபாருங்கள்.

குடும்ப வரலாற்று ஆராய்ச்சிக்கு உயிர்நாடி, ஃபிலிமின் ஓரத்தில் இருக்கும் பிரேம் எண்கள். 14-இல் ஆற்றங்கரை, 17-இல் கூடாரம், 21-இல் சிகரம் என்றால் ஏறிய வழியே கையில் வந்துவிடும். ஆனால் ஃபிலிமைப் பிடிக்கும் ஹோல்டரின் விளிம்பு அந்த எண்களை மறைத்துவிடும். எனவே ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்து எண்ணைக் குறித்து, கோப்புக்கும் அதே எண்ணை வையுங்கள். ஸ்லைடு மவுண்டில் அச்சாகியிருக்கும் மாதமும் வருடமும் கழுவிய தேதி. எடுத்தது அதற்கு முன்னால், சில சமயம் பல மாதம் முன்னால்.

நாலைந்து சுருள்தான் இருக்கிறது என்றால் ஸ்கேனர் வாங்க வேண்டாம், லேபில் கொடுக்கலாம். துண்டுகளைக் கலக்காமல், பிரேம் எண்ணையே கோப்புப் பெயராக வைத்துத் தரச் சொல்லுங்கள்.