கோவை – திப்ருகர்: சென்னை வழியா, டெல்லி வழியா?

கோவையிலிருந்து அசாமின் கிழக்கு மூலையில் உள்ள திப்ருகருக்கு வானில் நேர்கோடு போட்டால் சுமார் 2,620 கிலோமீட்டர். நேரடி விமானம் என்று ஒன்று இருந்தால் மூன்றேமுக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். அது இல்லாததால்தான் இந்தக் கணக்கு.

முதல் வழி சென்னை, கொல்கத்தா. கோவை–சென்னை ஏறக்குறைய 400 கி.மீ., சென்னை–கொல்கத்தா 1,385, கொல்கத்தா–திப்ருகர் 850. கூட்டினால் சுமார் 2,640. நேர்கோட்டைவிட 20 கி.மீ.தான் அதிகம், நான்கு ஊர்களும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் அமைந்திருக்கின்றன.

டெல்லி வழி அப்படியே எதிர். வடக்கே 1,950 கி.மீ. ஏறி, அப்புறம் கிழக்கே 1,760 கி.மீ. மொத்தம் 3,700-க்கு மேல். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் சுற்று!

ஆனால் நேரத்தைப் பாருங்கள். சென்னை வழியில் மூன்று விமானங்களும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம். டெல்லி வழியில் இரண்டும் சேர்ந்து ஐந்தேமுக்கால். முக்கால் மணிதான் வித்தியாசம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது என்று ஒவ்வொரு விமானத்துக்கும் அரை மணி போல தனியாகப் போய்விடுகிறது. சென்னை வழியில் அது மூன்று முறை. அதோடு காத்திருப்பும் ஒன்றுக்கு இரண்டு. ஒவ்வொன்றும் இரண்டு மணி என்று வைத்தாலே அந்த முக்கால் மணி லாபம் கரைந்து, டெல்லி வழி முந்திவிடும்.

அதனால் என் ஓட்டு டெல்லிக்கு. குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம், ஒரு மாற்றம்தான் நல்லது. வானம் தெளிவாக இருந்தால் டெல்லியிலிருந்து போகும்போது இடது பக்க ஜன்னலில் இமயமலைப் பனிச் சிகரங்கள் தெரியும். அந்த இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். திரும்பும்போது, குறிப்பாகக் குளிர்காலத்தில், மேற்கிலிருந்து அடிக்கும் எதிர்காற்றால் அரை மணி வரை கூடலாம்.

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மட்டும் என் பதில் மாறும். டெல்லி மூடுபனியில் காலை விமானங்கள் மணிக்கணக்கில் தள்ளிப்போகும். அப்போது கொல்கத்தா வழியே மேல். ஏப்ரல், மே மாதங்களில் கொல்கத்தாவில் சாயங்கால இடிமழை உண்டு. அங்கே காலையில் மாறுவது போல எடுங்கள்.

எந்த வழியானாலும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமாகும்போது அடுத்ததற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். டெல்லியில் டெர்மினல் மாற வேண்டியிருக்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கோவை கவுண்டரில் பைக்கு ஒட்டும் டேக்கில் திப்ருகர் விமான நிலையக் குறியீடான டி.ஐ.பி. (DIB) என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். டிசம்பரில் திப்ருகரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பிரம்மபுத்திரா மேல் உள்ள போகிபீல் பாலம் தாண்டி அருணாச்சலப் பிரதேசம் போகிறவர்கள் மதியத்துக்குள் இறங்குவது நல்லது.

கோவையிலும் திருப்பூரிலும் வேலை செய்யும் அசாம்காரர்கள் பலருக்கு வழி விவேக் எக்ஸ்பிரஸ்தான். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் வரை சுமார் 4,190 கி.மீ. ஓடும் அந்த ரயிலில், கோவையில் ஏறினாலே இரண்டரை நாளுக்கு மேல் ஆகும்.