ஒரே வீட்டில் இரண்டு கணினி: ஒன்றில் திறக்கும் தளம் மற்றதில் திறக்காதபோது

சேலம் சிவதாபுரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. கொலுசுப் பட்டறையின் கணக்குவழக்கைப் பார்க்கப் பழைய டெஸ்க்டாப் ஒன்று. கல்லூரியில் படிக்கும் மகளுக்கு லேப்டாப் ஒன்று. இரண்டும் ஒரே ரூட்டரில்தான் இணைந்திருக்கின்றன. ஆனாலும் லேப்டாப்பில் உடனே திறக்கும் தளம் டெஸ்க்டாப்பில் திறக்காமல் அடம்பிடிப்பது சில ஆண்டுகளாகவே அவ்வப்போது நடக்கிறது. ஒரு முறை வங்கித் தளம், இன்னொரு முறை மின்கட்டணம் கட்டும் தளம். மாதாமாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டிய வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. காரணம் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது. இத்தனை நாள் பழக்கத்தில் எந்தச் சோதனை உண்மையில் கைகொடுத்தது, எது வெறுமனே நேரத்தைத் தின்றது என்பதை எழுதுகிறேன்.

தளம் திறக்கவில்லை என்றதும் எல்லோரும் இணைப்பு நிறுவனத்தைத்தான் முதலில் அழைக்கிறார்கள். அவர்களும் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்கிறார்கள். அடுத்த அறையில் இன்னொரு கணினி அதே தளத்தைத் திறந்து காட்டும்போது இதில் பெரும்பாலும் பயன் இல்லை. கம்பி வழியாகத் தளம் வீடுவரை வந்துவிட்டது. கோளாறு கிட்டத்தட்ட எப்போதும் திறக்காத கணினிக்குள்தான். ரூட்டரிலேயே குறிப்பிட்ட ஒரு கருவிக்கு மட்டும் கட்டுப்பாடு போட்டிருந்தால்தான் விதிவிலக்கு. அதையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. திறக்காத கணினியைக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அங்கேயும் திறக்கவில்லை என்றால் ரூட்டரை மறந்துவிடலாம்.

நன்றாக இயங்கும் கணினியில் கை வைக்காதீர்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அதுதான் உங்கள் உரைகல். இரண்டிலும் ஒரே நேரத்தில் எதையாவது மாற்றிவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சாது.

எங்கள் டெஸ்க்டாப்பில் முதலில் அகப்பட்ட குற்றவாளி ஹோஸ்ட்ஸ் கோப்பு. இணையத்தில் ஒரு தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் முறை 1983-இல்தான் வந்தது. பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது அது. அதற்கு முன்பு எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு ஊர் ஊராகப் பகிரப்பட்டன. அந்தப் பழைய வழக்கத்தின் எச்சம் இன்றும் ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் இருக்கிறது. விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி என்று போனால் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் வால் எதுவும் இல்லாத ஒரு கோப்பு தெரியும். கணினி வெளியே யாரிடமும் கேட்பதற்கு முன்பு இதைத்தான் புரட்டிப் பார்க்கிறது. ஒரு தளத்தின் பெயருக்கு முன்னால், அந்தக் கணினியையே குறிக்கும் 127.0.0.1 என்றோ 0.0.0.0 என்றோ யாராவது எழுதிவைத்தால், அந்தத் தளம் அந்தக் கணினியில் மட்டும் திறக்காது. விளம்பரத்தைத் தடுக்கும் மென்பொருள்கள் இப்படி எழுதும். உரிமம் உடைத்த மென்பொருளை நிறுவித் தருபவர்கள், உரிமச் சோதனையைத் தடுக்க இதே வேலையைச் செய்வார்கள். பழைய கணினி வாங்குபவர்கள் இந்தக் கோப்பைக் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும். நோட்பேடை நிர்வாகி உரிமையுடன் திறந்தால்தான் திருத்தியதைச் சேமிக்க விடும். ஹேஷ் குறியுடன் தொடங்கும் வரிகள் வெறும் குறிப்புகள், அவற்றை விட்டுவிடலாம்.

இதைக் கண்டுபிடிக்க நான் மிகவும் நம்பும் சோதனை ஒன்று உண்டு. விண்டோஸின் கட்டளைத் திரையை (கமாண்ட் பிராம்ப்ட்) திறந்து, பிங் என்ற கட்டளையுடன் தளத்தின் பெயரைக் கொடுங்கள். பிறகு என்எஸ்லுக்அப் கட்டளையுடன் அதே பெயரைக் கொடுங்கள். பிங் ஹோஸ்ட்ஸ் கோப்பை மதிக்கும். என்எஸ்லுக்அப் அதைத் தாண்டி நேராக டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். முதலாவது 127.0.0.1 என்றும் இரண்டாவது வேறு எண்ணும் காட்டினால் ஹோஸ்ட்ஸ் கோப்புதான் காரணம். இரண்டும் தவறாக இருந்தால் டிஎன்எஸ் பக்கம் போக வேண்டும். ஆனால் பெரிய தளங்களுக்குப் பல சர்வர்கள் இருப்பதால், இரண்டு கணினிகளும் வெவ்வேறு எண்களைக் காட்டுவது மட்டுமே கோளாறுக்கு அடையாளம் ஆகாது.

டிஎன்எஸ் அமைப்பைப் பொறுத்தவரை, லேப்டாப் ரூட்டர் கொடுப்பதைத் தானாக வாங்கிக்கொள்ளும். டெஸ்க்டாப்பில் நாங்கள் தெரிந்தேதான் 1.1.1.3 என்று எழுதிவைத்திருக்கிறோம். கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனம் 2020-இல் குடும்பங்களுக்காகக் கொண்டுவந்த டிஎன்எஸ் சர்வரின் முகவரி அது. தீங்கான மென்பொருள் தளங்களையும் வயது வந்தோருக்கான தளங்களையும் தடுக்கும். விடுமுறைக்கு வரும் தம்பி பிள்ளைகள் கூடத்தில் இருக்கும் இந்த டெஸ்க்டாப்பில்தான் உட்காருவார்கள். நீண்ட நாள் பயன்பாட்டில் எனக்கு இதில் முழுத் திருப்தி. வேகம் குறையவில்லை, பராமரிப்பு வேலையும் இல்லை. எப்போதாவது ஒரு தளம் டெஸ்க்டாப்பில் மட்டும் மறுக்கப்பட்டால், முதலில் இதைத்தான் நினைவில் கொள்ள வேண்டும். அதனால் திரையின் ஓரத்தில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மாற்றிப் பார்க்கும்போது ipconfig /flushdns என்ற கட்டளையால் பழைய டிஎன்எஸ் நினைவை அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மாற்றியும் மாறாததுபோல் தெரியும்.

யாரும் எழுதாமலே அங்கே அறிமுகமில்லாத எண் இருந்தால் அஞ்ச வேண்டும். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற நச்சு மென்பொருள் இதைத்தான் செய்தது. அதை நடத்தியவர்கள் 2011 நவம்பரில் எஸ்டோனியாவில் கைதானார்கள். அவர்களுடைய சர்வர்களுக்குப் பதிலாக வைத்திருந்த தற்காலிக சர்வர்கள் 2012 ஜூலை 9 அன்று நிறுத்தப்பட்டன. அதுவரை சுத்தம் செய்யாத கணினிகளில் பெயரைத் தேடித் தர ஆள் இல்லாமல் போயிற்று. 2008-இல் பரவிய கான்ஃபிக்கர் என்ற நச்சு மென்பொருள் இன்னும் சூழ்ச்சியானது. ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள், விண்டோஸ் புதுப்பிப்புத் தளம் போன்றவற்றைக் குறிவைத்துத் தடுத்தது. பாதுகாப்புத் தளங்கள் மட்டும் ஒரு கணினியில் திறக்கவில்லை என்றால், வங்கிக் கடவுச்சொல்லை அதில் அடிக்காதீர்கள்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் தம்பி வீட்டுக் கோளாறு வேறு வகை. "அக்கா, கூகுள்கூடத் திறக்கவில்லை, ஆனால் கைபேசியில் எல்லாம் வருகிறது" என்றான். திரையில் என்ன எழுதியிருக்கிறது, அப்படியே படி என்றேன். உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று படித்தான். கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அதில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். கணினியின் தேதி அதற்கு வெளியே இருந்தால் உலாவி கதவை மூடிவிடும்.

தேதி ஏன் போனது என்பதற்கு மலையின் வானிலைதான் விடை. கோடையில் ஏற்காட்டில் இடியும் மின்னலும் கடுமை. அதற்குப் பயந்து தம்பி கணினியின் பிளக்கையே பிடுங்கி வைத்துவிடுவான். செய்ய வேண்டியதும் அதுதான். ஆனால் பிளக்கில் இருக்கும்வரை, அணைத்திருந்தாலும் மதர்போர்டின் கடிகாரம் மின்சாரத்தில் ஓடும். பிடுங்கிவிட்டால் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரிதான் அதைத் தாங்க வேண்டும். அது தீர்ந்ததும் தேதி தொடக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. சிறிய விலைக்குக் கிடைக்கும் அந்தப் பேட்டரியை மாற்றியதும் எல்லாத் தளங்களும் திறந்தன. விண்டோஸையே புதிதாகப் போட வேண்டும் என்று ஒருவர் அதற்குள் அவனிடம் விலை பேசியிருந்தார். கேட்டபோது எனக்கு ஆத்திரமாக இருந்தது.

ஆன்டிவைரஸைப் பற்றி ஒரு வார்த்தை. சில மென்பொருள்கள் பாதுகாப்பான தளங்களுக்கு நடுவில் நின்று தம் சான்றிதழையே காட்டும். முகவரிக்கு அருகில் உள்ள குறியை அழுத்திச் சான்றிதழை வழங்கியவர் யார் என்று பார்த்தால் இது வெளிப்பட்டுவிடும். சில நிமிடம் நிறுத்திப் பார்த்து, திறந்தால் அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். நிரந்தரமாக அணைத்துவைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஒரே கணினியில் ஓர் உலாவியில் திறந்து மற்றதில் திறக்கவில்லை என்றால், உலாவியில் கூடுதலாகச் சேர்த்த நீட்சிகளையும் (எக்ஸ்டென்ஷன்) உலாவியின் சொந்தப் பாதுகாப்பு டிஎன்எஸ் அமைப்பையும் பாருங்கள். எல்லாத் தளங்களும் போய் பிங் மட்டும் வேலை செய்தால், நீக்கிய விபிஎன் மென்பொருள் விட்டுப்போன பிராக்ஸி அமைப்பு, அதாவது இணையத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் அமைப்பு, இருக்கிறதா என்று பாருங்கள். கணினியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள்கள் எங்களுக்கு ஒருமுறைகூட உதவவில்லை.

வயதும் ஒரு காரணம். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் ஆதரவு முடிந்தது. குரோம் உலாவி 109-ஆம் பதிப்புடன் அதைக் கைவிட்டது. 2021 செப்டம்பர் 30 அன்று தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் நம்பியிருந்த பழைய வேர்ச் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையானது) காலாவதியானபோது, புதுப்பிக்காமல் விட்ட பல பழைய கருவிகளில் நல்ல தளங்களே திறக்காமல் போயின. எங்கள் டெஸ்க்டாப் விண்டோஸ் 10-இல் ஓடுகிறது. அதற்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பட்டறைக் கணக்கை அதிலேயே எழுதுவோம். வங்கி வேலைகளை மட்டும் இனி லேப்டாப்பில் செய்வது என்று முடிவெடுத்திருக்கிறோம்.