72 கிலோமீட்டர் வேகத்தில் எழுந்த உறுமல்: உயர்த்திய வண்டியோடு நான்கு ஆண்டுகள்

முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங் கொண்ட, வீல்பேஸ் குட்டையான என் நான்கு சக்கர இயக்க வண்டியை 3 அங்குலம் உயர்த்தி, 31 அங்குல டயர் மாட்டி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் 60,000 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓட்டியிருக்கிறேன். உயர்த்தியதால் கிடைத்த பயனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முன்பு அடிவயிறு தட்டிய பாறைகளில் இப்போது தட்டுவதில்லை, அதற்காகத்தான் உயர்த்தினேன். எழுத வேண்டியது, உயர்த்திய மறுநாளே தொடங்கி ஏழு மாதம் என்னைப் படுத்தியெடுத்த அதிர்வைப் பற்றியும், அதன் காரணத்தை நான் கையில் வைத்துக்கொண்டே தேடிய விதத்தைப் பற்றியும்.

மணிக்கு 65 கிலோமீட்டர் வரை வண்டி அமைதியாக ஓடும். 70ஐத் தாண்டியதும் பின் இருக்கைக்கு அடியிலிருந்து ஓர் உறுமல் எழும். உள் கண்ணாடியில் தெரியும் பின்வண்டிகளின் விளிம்பு கலங்கும். கதவுப் பையில் கிடக்கும் சில்லறை கிலுகிலுக்கும். ஸ்டீயரிங் மட்டும் நடுங்காது. இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. உயர்த்திய வண்டிகளில், சாலையின் சிறு மேட்டில் ஏறி இறங்கியதும் முன் ஆக்சிலே இடமும் வலமுமாகத் துடித்து ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கும் உதறல் ஒன்று உண்டு. அது வேறு நோய். அதைக் கேஸ்டர் கோணத்திலும் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்விலும்), தேய்ந்த புஷ்களிலும், ஸ்டீயரிங் இணைப்புகளிலும்தான் தேட வேண்டும். எனக்கு வந்தது அதுவன்று.

கேட்டவர்கள் அனைவரும் வீல் பேலன்ஸ் செய்யச் சொன்னார்கள். இருமுறை செய்தேன், டயர்களை இடம் மாற்றியும் பார்த்தேன், பயனில்லை. அதன்பின் செலவில்லாத சோதனைகளுக்கு வந்தேன். 80இல் போய் நியூட்ரலுக்கு மாற்றி வண்டியைத் தானாக ஓடவிட்டபோதும் உறுமல் குறையவில்லை. ஆகவே இன்ஜினும் கிளட்சும் விலகின. முன் ஹப்களை (சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டும் பகுதிகளை) விடுவித்தால் முன் ஷாஃப்ட் சுழலாமல் நின்றுவிடும். அப்படி ஓட்டியும் மாற்றமில்லாததால் முன்பக்கம் முழுவதும் விலகியது. மிஞ்சியது பின் டயர், பின் ஆக்சில், அந்த ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் நீண்ட குழாயான பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்.

இவற்றைப் பிரித்தறிய ஒரு சிறு கணக்குப் போதும். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர். என் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர் கடக்கும். எனவே நொடிக்கு 8.3 சுற்று. டிஃபரன்ஷியல் (ஷாஃப்டின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) விகிதம் 4.1, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 4.1 முறை சுற்றும் என்பதால் அது நொடிக்கு 34 முறை சுழலும். டயரில் கோளாறு என்றால் அதிர்வு 8 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 8 முறையை, ஒட்டி வரும். அதை உடம்பு குலுக்கலாக உணரும். ஷாஃப்டில் எடைச் சமன்பாடு கெட்டிருந்தால் 34 ஹெர்ட்ஸ். ஷாஃப்டின் முனைகளில் அது வளைந்து சுழல இடம்தரும் யுனிவர்சல் ஜாயிண்டின் கோணத்தால் வருவது ஒரு சுற்றுக்கு இருமுறை என்பதால் 68 ஹெர்ட்ஸ்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் தவறு செய்தேன். கைபேசியை டிஃபரன்ஷியலுக்கு நேர் மேலே தரைத் தகட்டில் இரட்டைப் பக்க நாடாவால் ஒட்டி, அதிர்வெண் காட்டும் செயலி ஒன்றை ஓடவிட்டு, ஜிபிஎஸ் காட்டிய 72இல் வண்டியை நிலைநிறுத்தினேன். பெரிய டயர் மாட்டியபின் மீட்டர் குறைத்துக் காட்டும் என்பதால் அதை நம்பவில்லை. திரையில் 32 ஹெர்ட்ஸில் ஒரு கூரிய முகடு தெரிந்தது. 34க்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, டயர் சுற்றளவை நான் கொஞ்சம் தவறாக எடுத்திருப்பேன் என்று முடிவுகட்டி, ஷாஃப்டைக் கழற்றிப் பேலன்ஸ் செய்யக் கொடுத்தேன். சிறு திருத்தம்தான் தேவைப்பட்டது என்று சொல்லித் திருப்பித் தந்தார்கள். மாட்டி ஓட்டினேன், அதே உறுமல்.

சில வாரங்கள் கழித்து, வேறெதற்காகவோ அதே சோதனையை 76இல் செய்தபோதுதான் உறைத்தது. வேகம் கூடினால் முகடும் மேலே நகர வேண்டும். என் முகடோ 32இலிருந்து 28க்கு இறங்கியிருந்தது. அந்தச் செயலி நொடிக்கு 100 முறைதான் அளவெடுத்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட கருவியால் 50 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வை உள்ளபடி காட்ட இயலாது. 100இலிருந்து கழித்து, 68ஐ 32ஆகவும், 76 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 72 ஹெர்ட்ஸை 28ஆகவும் மடித்துக் காட்டும். திரைப்படத்தில் முன்னே ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரியும் மயக்கமும் இதுவே. அமைப்பில் அளவெடுக்கும் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு மறுபடி ஓட்டியபோது முகடு 68இல் வந்து நின்றது. கோளாறு ஷாஃப்டின் எடையில் இல்லை, ஜாயிண்டின் கோணத்தில் இருந்தது. கைபேசியால் சோதிப்பவர்கள் இரண்டு வெவ்வேறு வேகங்களில் அளந்து, முகடு எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்ப்பது நல்லது. எனக்கு ஒரு பேலன்ஸ் கூலி மிச்சமாகியிருக்கும்.

வளைந்த நிலையில் சுழலும் ஒற்றை யுனிவர்சல் ஜாயிண்ட், சீரான வேகத்தைச் சீராக மறுபுறம் தராது. ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ஒருமுறை முந்தும், ஒருமுறை பிந்தும். 17ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் இதைக் கண்டிருந்தார். அந்த ஒழுங்கின்மையைச் சூரியக் கடிகாரத்தின் மணிக்கோடுகளைப் பிரிக்கப் பயன்படுத்தலாம் என்றும் கருதினார். ஷாஃப்டின் இரு முனைகளிலும் கோணம் சமமாக இருந்தால், முன் ஜாயிண்ட் கெடுத்ததைப் பின் ஜாயிண்ட் சரிசெய்துவிடும். கோணத்தின் விளைவு நேர்விகிதத்தில் வளர்வதில்லை: 3 பாகையில் மொத்த வேக ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 0.27 சதவீதம், 9 பாகையில் 2.5 சதவீதம். வண்டியை உயர்த்தும்போது கூடும் ஒவ்வொரு பாகையும் முந்தையதைவிட அதிகமாக உறுத்துவது இதனால்தான்.

சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில் நின்றபடி, வழக்கமான சுமையோடு, காந்த அடியுள்ள டிஜிட்டல் கோணமானியால் அளந்தேன். ஜாக்கியில் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டு அளப்பது வீண். கியர்பெட்டியின் சுழற்சியை முன், பின் ஷாஃப்டுகளுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளித்தண்டு பின்னோக்கி 4 பாகை சரிந்திருந்தது. ஷாஃப்ட் 12 பாகை. ஷாஃப்ட் வந்து சேரும் டிஃபரன்ஷியலின் உள்தண்டான பினியன் 7 பாகை. அதாவது முன் ஜாயிண்டில் 8, பின் ஜாயிண்டில் 5. 8இன் வர்க்கத்திலிருந்து 5இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 6.2 வருகிறது, இரண்டு ஜாயிண்ட் இருந்தும், 6 பாகைக்கு மேல் வளைந்த ஒற்றை ஜாயிண்டோடு ஓடுவதற்கு அது சமம். 3 பாகைக்குள் இருப்பதே நல்லது என்பது இத்துறையின் பொதுவிதி.

பினியன் ஏன் 7இல் இருந்தது? உயர்த்தும் கிட்டோடு 3 பாகை ஆப்புத் தகடுகள் இரண்டு வந்திருந்தன. ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே அவற்றை வைத்துப் பினியனை ஷாஃப்டை நோக்கி நிமிர்த்தியிருந்தேன். பெட்டியில் வந்த பொருளை மாட்டாமல் விடக்கூடாது என்ற எண்ணம்தான். பினியன் ஷாஃப்டைப் பார்த்து நிற்பது, டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரட்டைக் கார்டன் ஜாயிண்ட் (அடுத்தடுத்து இணைத்த இரண்டு யுனிவர்சல் ஜாயிண்ட்) உள்ள ஷாஃப்டுக்கே பொருந்தும். என்னுடையது இருபுறமும் ஒற்றை ஜாயிண்ட். அதற்குப் பினியன் டிரான்ஸ்ஃபர் கேஸ் தண்டுக்கு இணையாக, 4 பாகையில் இருக்க வேண்டும். பேச்சுவழக்கில் ஆப்பு வைப்பது என்றால் என்ன பொருளோ, அதை அந்தத் தகடுகள் பிசகாமல் செய்தன.

ஆப்புகளை உருவி, யு போல்ட்களைப் புதிதாக மாற்றி (இழுபட்ட பழையவற்றைத் திரும்ப இறுக்குவது சரியன்று), 8க்கு 8 ஆக்கியதும் 68 ஹெர்ட்ஸ் முகடு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. 90க்கு மேல் மட்டும் மெல்லிய ரீங்காரம் இருந்தது. இரு கோணங்கள் சமமானாலும் நடுவிலுள்ள குழாய் ஏற்ற இறக்கத்தோடுதான் சுழல்கிறது. அதன் எடை அதிரச் செய்யும், வேகம் கூடக் கூட இன்னும் வலுவாக. டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாழ்த்திக் கோணத்தைக் குறைக்கும் வழியும் உண்டு. உயரத்துக்காகச் செலவழித்துவிட்டு வயிற்றைத் தாழ்த்த எனக்கு மனம் வரவில்லை.

22,000 கிலோமீட்டரில் பின் ஜாயிண்டின் மூடியோரம் செம்பழுப்புத் தூள் கசிந்திருந்தது. உள்ளே ஊசி பேரிங்குகள் காய்ந்து தேய்ந்ததன் அடையாளம் அது. அப்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் உள்ளும் வெளியும் வழுக்கும் இணைப்பான ஸ்லிப் யோக்கை நீக்கி, நிலையான ஃப்ளாஞ்சும் சற்று நீண்ட இரட்டைக் கார்டன் ஷாஃப்டும் போட்டேன். ஷாஃப்டின் சரிவு 11 பாகைக்கு இறங்கியது. இந்தமுறை எஃகில் 5 பாகை ஆப்பு வைத்துப் பினியனை 9இல் நிறுத்தினேன்; லீஃப் ஸ்பிரிங் முறுக்கத்தில் வளைந்து பினியன் மூக்கைத் தூக்கும் என்பதால் அந்த 2 பாகை இடைவெளி வேண்டும். அலுமினிய ஆப்புகள் நசுங்கியும் விரிசல்விட்டும் போகும். அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிமிர்ந்த பினியனின் முன் பேரிங்குக்கு எண்ணெய் எட்ட வேண்டுமே என்று டிஃபரன்ஷியலில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுகிறேன்.

அதன்பின் 38,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. 100இலும் கண்ணாடி கலங்குவதில்லை. குறைகள் இரண்டு. முதல் கியரில், ஏற்றத்தில், சுமையோடு கிளம்பும்போது ஸ்பிரிங் முறுகிப் பினியன் அளவுக்கு மீறி எழுவதால் ஒரு நொடி தடதடப்பு வரும்; அதற்கு முறுக்குத் தாங்கும் கம்பி ஒன்று பொருத்த வேண்டும், இன்னும் செய்யவில்லை. இரண்டாவது, இரட்டை ஜாயிண்டின் நடுவிலுள்ள மையப் பந்து. அதன் கிரீஸ் துளைக்குச் சாதாரண கிரீஸ் கன் எட்டாது. ஊசிமுனை வேண்டும், ஷாஃப்டைக் கையால் திருப்பித் திருப்பித் துளையைத் தேட வேண்டும். தண்ணீரில் இறங்கிய பயணங்களுக்குப்பின் ஒருமுறை சோம்பி விட்டுவிட்டேன். மெதுவாகப் போகும்போது எலி கத்துவதுபோல் கீச்சொலி கேட்டது, பந்தை மாற்ற வேண்டிவந்தது. இப்போது ஒவ்வொரு 5,000 கிலோமீட்டருக்கும், நீரில் இறங்கினால் அன்றைக்கே, கிரீஸ் போடுகிறேன். 4, 11, 9 என்ற மூன்று எண்களையும் ஓட்டுநர் கதவின் உள்விளிம்பில் பெயின்ட் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். ஸ்பிரிங் தளர்ந்து அவை மாறுகின்றனவா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோணமானியை ஒட்டிப் பார்ப்பேன். சென்ற முறை ஷாஃப்ட் 10.6 காட்டியது.